ஒரே தட்டில் பின்னணி காலி... ஆனா கண்ணாடி பாட்டில் மட்டும் ஏன் போலியா தெரியுது? வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

மரச்செக்கு எண்ணெய், தேன், ஊறுகாய், நன்னாரி சர்பத்... வீட்டில் தயாரித்து கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஒரு பொதுவான தலைவலி உண்டு. பொருள் நன்றாக இருக்கும். படம் மட்டும் சொதப்பும்.

போனில் பாட்டிலைப் படம் எடுக்கிறோம். ஆப்பைத் திறந்து ஒரு தட்டு தட்டினால் பின்னணி காணாமல் போகிறது. அந்த பாட்டிலை ஓர் அழகான மர மேசைப் படத்தில் வைக்கிறோம். அவ்வளவுதான், ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியது போல பாட்டில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. இதையே எவர்சில்வர் டப்பாவிலோ துணிப்பையிலோ செய்தால் ஓரளவு பொருந்திவிடுகிறது. கண்ணாடியில் மட்டும் ஏன் இந்தப் பிரச்னை?

சுருக்கமான பதில் இதுதான்: கண்ணாடியை நாம் படம் எடுப்பதில்லை. கண்ணாடி வழியாகத் தெரிவதையும், அதன் மேல் பட்டுத் திரும்புவதையும்தான் படம் எடுக்கிறோம். பின்னணியை வெட்டினாலும், பழைய பின்னணி பாட்டிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை வெளியேற்றும் வேலையை எடிட்டிங்கில் செய்வது கஷ்டம். படம் எடுக்கும்போதே செய்துவிட்டால் ஈஸி. எப்படி என்று பார்ப்போம்.

கண்ணாடிக்கு சொந்த முகம் கிடையாது

பக்கத்தில் இருப்பதைக் காட்டும் பளிங்கை உவமையாக வைத்து, மனதில் உள்ளதை முகம் காட்டிவிடும் என்று குறிப்பறிதல் அதிகாரத்தில் சொல்கிறார் திருவள்ளுவர். கேமரா முன்னால் கண்ணாடி செய்வதும் அதேதான். ஒரு கண்ணாடி பாட்டில் படத்தில் நாம் பார்ப்பது நான்கு விஷயங்களை:

• உள்ளே நுழைந்து வளைந்து வரும் ஒளி: சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. தண்ணீருக்கு 1.33. இந்த வளைவால்தான் பாட்டிலுக்குப் பின்னால் உள்ளவை நெளிந்தும் தலைகீழாகவும் தெரிகின்றன.

• மேலே பட்டுத் திரும்பும் ஒளி: கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பி வரும். சாய்வாகப் பார்க்கப் பார்க்க இது கூடிக்கொண்டே போகும். பாட்டிலின் நடுப்பகுதியைவிட ஓரங்களில் பிரதிபலிப்பு பளிச்சென்று இருப்பதற்கு இதுவே காரணம்.

• உள்ளே இருக்கும் பொருளின் நிறம்: கடலை எண்ணெயின் பொன் நிறம், தேனின் பழுப்பு, பச்சை பாட்டிலின் பச்சை.

• நிழலும் நிழலுக்குள் இருக்கும் வெளிச்சமும்: கண்ணாடியின் நிழல் முழுக் கருப்பாக இருக்காது. நடுவே ஒளிக்கீற்று ஒன்று விழும். எண்ணெய் பாட்டில் என்றால் அந்தக் கீற்றும் மஞ்சளாக இருக்கும்.

இந்த நான்கில் முதல் இரண்டும் பாட்டிலுக்குச் சொந்தமானவையே அல்ல. அவை அந்த அறைக்குச் சொந்தமானவை. சமையலறையில் எடுத்த பாட்டிலுக்குள் சமையலறை டைல்ஸும், ஜன்னலும், போனைப் பிடித்திருக்கும் கையும் இருக்கும். அதைத் தூக்கித் தோட்டத்துப் படத்தில் வைத்தால், தோட்டத்துக்கு நடுவே ஒரு குட்டி சமையலறை தெரியும். ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்கு உறுத்துவது இதனால்தான்.

ஆப் எங்கே சறுக்குகிறது?

பின்னணியை நீக்கும் ஆப் அடிப்படையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: இந்தப் புள்ளி பொருளா, பின்னணியா? டப்பாவுக்கு இந்தக் கேள்வி போதும். கண்ணாடியில் ஒவ்வொரு புள்ளியும் இரண்டுமே. கொஞ்சம் பாட்டில், கொஞ்சம் பின்னணி.

எடிட்டிங்கில் இதற்கு ‘ஆல்ஃபா’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு, அது எவ்வளவு மறைக்கும் என்பதற்கு நான்காவதாக ஓர் எண். பிஎன்ஜி படங்களில் பின்னணி இல்லாமல் இருக்க முடிவது இதனால்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே ஒரு படத்தை வைத்து இந்த நான்கு எண்களையும் கண்டுபிடிக்க முடியாது. கேமரா தருவது மூன்று எண்கள். தேவைப்படுவது நான்கு. பள்ளிக் கணக்கில் சொன்னால், தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் மூன்று. மீதியை ஆப் ஊகிக்கிறது. முகம், தலைமுடி, டப்பா போன்றவற்றில் ஊகம் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும்.

சினிமாக்காரர்களுக்கும் இதே தலைவலிதான்

இது போன் வந்த பிறகு முளைத்த பிரச்னை இல்லை. நீலத் திரைக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்துப் பாருங்கள். குவளைக்குள்ளும் நீலம் தெரியும். நீலத்தை நீக்கினால் குவளையும் சேர்ந்து போகும். நீக்காவிட்டால் நீலக் கறை நிற்கும்.

1964-ல் வெளியான டிஸ்னியின் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நீலத் திரைக்கு பதிலாக, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி விழும் திரையைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குறிப்பிட்ட மஞ்சளை மட்டும் பிரித்து எடுக்கும் பட்டகம் கேமராவுக்குள் இருந்தது. மெல்லிய வலைத்துணி போன்றவைகூட இதில் சுத்தமாகப் பிரிந்து வந்தன. இந்த நுட்பங்களுக்காக பீட்ரோ விளாஹோஸ் உள்ளிட்ட மூவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

கணினிக் காலத்தில் இதற்குத் தெளிவான விடை 1996-ல் வந்தது. ஆல்வி ரே ஸ்மித், ஜேம்ஸ் பிளின் இருவரும் சிக்ராஃப் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒரே பொருளை இரண்டு வேறு பின்னணிகளில் எடுத்தால் அது எவ்வளவு ஒளியை விடுகிறது என்பதைக் கணக்காகவே கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். இரண்டு படம் என்றால் ஆறு எண்கள். தெரியாதவை நான்குதான். ஊகத்துக்கு வேலையே இல்லை.

அதிலும் ஒரு குறை மிச்சம் இருந்தது. எவ்வளவு ஒளி வருகிறது என்று தெரியும். எங்கிருந்து வளைந்து வருகிறது என்று தெரியாது. 1999-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். கண்ணாடிப் பொருளைச் சுற்றி திரைகளை வைத்து, அவற்றில் வரிசையாகக் கோட்டு வடிவங்களைக் காட்டிப் படம் எடுப்பது. எந்தப் புள்ளிக்கு எந்தக் கோடு வருகிறது என்பதை வைத்து, ஒளி வளையும் பாதையைக் கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டில் விற்பனைக்குப் படம் எடுப்பவருக்கு இந்த இரண்டாவது ஆய்வு அப்படியே தேவையில்லை. முதலாவது தேவை. அதற்கு வேண்டிய முக்கியக் கருவி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் டிவி.

இரண்டு படக் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

படங்களில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் முழுக் கருப்பு. 255 என்றால் முழு வெள்ளை.

பாட்டிலின் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். பின்னால் கருப்பு இருக்கும்போது அந்தப் புள்ளியின் மதிப்பு 30. பின்னால் ஒளியே இல்லை என்பதால், இந்த 30 முழுக்கவும் பாட்டில் மேல் விழுந்த பிரதிபலிப்பு.

பின்னால் வெள்ளை இருக்கும்போது அதே புள்ளியின் மதிப்பு 230. இரண்டுக்கும் வித்தியாசம் 200. அதாவது பின்னால் இருந்த 255-ல் 200 மட்டும் பாட்டிலைத் தாண்டி வந்திருக்கிறது. சுமார் 78 சதவீதம்.

இப்போது இந்த பாட்டிலை 100 மதிப்புள்ள ஓர் இருண்ட மர மேசைப் படத்தில் வைக்கிறோம். 100-ல் 78 சதவீதம் 78. அதோடு பிரதிபலிப்பு 30. ஆக 108. அந்தப் புள்ளி இருக்க வேண்டிய மதிப்பு இதுதான்.

வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை மட்டும் ஆப்பில் வெட்டி ஒட்டியிருந்தால், அங்கே 230 அப்படியே இருந்திருக்கும். இருட்டு மேசை நடுவே வெளேரென்று ஒரு பாட்டில். ஸ்டிக்கர் போலத் தெரிவதன் ரகசியம் இந்த 230-க்கும் 108-க்கும் உள்ள இடைவெளிதான்.

படம் எடுப்பது எப்படி? படிப்படியாக...

1. முதலில் சுத்தம்: பாட்டிலைக் கழுவி, பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கவும். அதன்பின் வெறுங்கையால் தொட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கைரேகை, பின்னாலிருந்து ஒளி வரும்போது பளிச்சென்று தெரியும். விலை ஸ்டிக்கரின் பசையும் அப்படித்தான்.

2. டிவிதான் பின்னணி: ஒரு முழு வெள்ளைப் படம், ஒரு முழுக் கருப்புப் படம். இரண்டையும் டிவியில் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். டிவி இல்லாவிட்டால் லேப்டாப் திரையும் போதும், பாட்டில் சிறியதாக இருந்தால். இதில் பெரிய லாபம், பின்னணியை மாற்ற யாரும் பாட்டில் பக்கம் போக வேண்டியதில்லை. பாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

3. பாட்டிலைச் சற்றே உயர்த்தவும்: பாட்டிலின் அடியைவிடக் கொஞ்சம் சிறிய, ஆடாத ஒரு டப்பா மீது நிறுத்தினால் படத்தில் மேசை வராது. டிவிக்கு ஒன்றரை அடி முன்னால் இருக்கட்டும். திரையின் புள்ளிகள் கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்தவும்.

4. பக்கவாட்டு விளக்கு ஒன்று: டேபிள் லேம்ப்புக்கு முன்னால் டிரேசிங் பேப்பரையோ பட்டர் பேப்பரையோ விறைப்பாகப் பிடித்து நிறுத்தவும். பல்புக்கு ஓர் அடியாவது தள்ளி வைக்கவும். சூடாகும் பல்பாக இருந்தால் பேப்பர் பற்றிக்கொள்ளும். பேப்பர் இல்லாமல் நேரடியாக பல்பைக் காட்டினால், பாட்டிலில் ஒரு சிறிய வெள்ளைப் பொட்டு விழும். பேப்பர் வைத்தால் அழகான நீளக் கோடாக விழும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

5. போன் அசையக் கூடாது: ட்ரைபாட் இல்லாவிட்டால் நான்கு புத்தகங்களுக்கு இடையே செருகி நிறுத்தலாம். டைமர் வைத்து எடுக்கவும். பாட்டிலுக்கு மிக அருகே போனால் கழுத்து பெரிதாகவும் அடி சிறிதாகவும் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது.

6. ஆட்டோவை நிறுத்துங்கள்: இதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். பின்னணி கருப்பானதும் போன் தானாகவே படத்தைப் பிரகாசமாக்கிவிடும். அப்படியானால் இரண்டு படங்களையும் ஒப்பிட முடியாது. ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ, ஷட்டர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் எல்லாவற்றையும் ஒரே மதிப்பில் பூட்டவும். ஹெச்டிஆர் வேண்டாம். எல்இடி விளக்கு என்றால் ஷட்டர் வேகத்தை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு நொடி என்று வைக்கவும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பட்டை பட்டையாக இருட்டு விழுவதை இது தவிர்க்கும்.

7. மூன்று கிளிக்: வெள்ளைப் பின்னணியில் ஒன்று. கருப்புப் பின்னணியில் ஒன்று. மூன்றாவதாக, பாட்டிலை எந்தப் படத்தில் வைக்கப் போகிறீர்களோ அந்த மர மேசை அல்லது தோட்டத்துப் படத்தையே டிவியில் காட்டி ஒன்று. இந்த மூன்றாவது எதற்கு என்று பின்னால் பார்ப்போம்.

எடிட்டிங்கில் செய்ய வேண்டியது

ஃபோட்டோஷாப்தான் வேண்டும் என்றில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப், பிரவுசரிலேயே இயங்கும் ஃபோட்டோபியா இரண்டிலும் இது நடக்கும்.

• முதலில் வெள்ளைப் படத்தையும் கருப்புப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதற்கு ‘டிஃபரன்ஸ்’ மோடு கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கவும். மேலே கணக்கில் பார்த்த அந்த 200 இதுதான். இதை ‘ஒளிபுகும் படம்’ என்று வைத்துக்கொள்வோம்.

• புதிய பின்னணிப் படத்தைக் கீழே வைக்கவும். அதன் மேல் ஒளிபுகும் படத்தை வைத்து ‘மல்டிப்ளை’ மோடு கொடுக்கவும்.

• எல்லாவற்றுக்கும் மேல் கருப்புப் பின்னணியில் எடுத்த படத்தை வைத்து ‘ஸ்கிரீன்’ மோடு கொடுக்கவும். பிரதிபலிப்புகள் மட்டும் வந்து உட்காரும்.

• பாட்டிலுக்கு வெளியே லேசான சாம்பல் படலம் தெரிந்தால், ‘லெவல்ஸ்’ கருவியில் ஒளிபுகும் படத்தின் பின்னணியை முழு வெள்ளைக்கும், கருப்புப் படத்தின் பின்னணியை முழுக் கருப்புக்கும் தள்ளினால் போய்விடும்.

• பாட்டிலுக்கு அடியில் நிறுத்திய டப்பா மட்டும் மிச்சம் நிற்கும். இரண்டு அடுக்குகளிலும் அந்தப் பகுதியை மாஸ்க் போட்டு மறைத்துவிடவும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பாட்டிலின் ஓரத்தை எங்குமே வெட்டவில்லை. பென் டூலை வைத்து அரை மணி நேரம் வளைவுகளைச் சுற்றி வரும் வேலை இல்லை. ஓரத்தில் வெள்ளைக் கோடும் மிஞ்சாது. ஜேபிஜி படங்களில் இந்தக் கணக்கு நூறு சதவீதம் துல்லியம் என்று சொல்ல முடியாது. கண்ணுக்கு அது தெரியாது.

பின்னால் இருப்பது வளையவில்லையே?

இவ்வளவு செய்தும் ஒன்று குறையும். பாட்டிலுக்குப் பின்னால் உள்ள மேசைக் கோடு, பாட்டிலுக்குள்ளும் நேர்க்கோடாகவே ஓடும். நிஜத்தில் அப்படி நடக்காது.

இதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது. தண்ணீரோ எண்ணெயோ நிரம்பிய உருளை வடிவ பாட்டில் ஒரு லென்ஸ் போல வேலை செய்யும். கொஞ்சம் தள்ளிப் பின்னால் உள்ள காட்சி இடம் வலமாகத் திரும்பித் தெரியும். மேல் கீழ் மாறாது. உருண்டையான குடுவையில் தண்ணீர் இருந்தால் இரண்டுமே மாறும், காட்சி தலைகீழாகும். காலி பாட்டிலில் எதுவும் திரும்பாது; ஓரங்களில் மட்டும் நெளியும். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பின்னால் ஓர் அம்புக்குறியை வரைந்து வைத்துத் தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஒரு கட்டத்தில் அம்பு திசை மாறிவிடும்.

எடிட்டிங்கில் இதைச் செய்ய, பின்னணிப் படத்தை நகலெடுத்து, இடம் வலமாகத் திருப்பி, லேசாக மங்கலாக்கி, திரவம் உள்ள பகுதிக்குள் மட்டும் தெரியுமாறு மாஸ்க் போட்டு, ஒளிபுகும் படத்துக்குக் கீழே வைக்கலாம். பார்ப்பவர் யாரும் வளைவின் கோணத்தை அளக்கப் போவதில்லை. வளைவே இல்லாவிட்டால்தான் உறுத்தும்.

இன்னும் நிஜமாக வேண்டுமா? அதற்குத்தான் அந்த மூன்றாவது கிளிக். டிவியில் காட்டிய தோட்டம், பாட்டிலுக்குள் நிஜமாகவே வளைந்து பதிவாகியிருக்கும். அந்தப் படத்திலிருந்து பாட்டிலின் உட்பகுதியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். 2019-ல் தொடங்கிய ‘தி மாண்டலோரியன்’ தொடரில் நடிகர்களைச் சுற்றி மாபெரும் எல்இடி திரைகளை நிறுத்தி, பின்னணியை அதில் ஓடவிட்டதும் இதே காரணத்தால்தான். நாயகனின் பளபளக்கும் கவசத்தில் பச்சைத் திரை தெரியாமல், பாலைவனமே தெரிந்தது. அங்கே பெரிய திரை, இங்கே வீட்டு டிவி. தத்துவம் ஒன்றுதான்.

வெள்ளைப் பின்னணி மட்டும் போதும் என்றால்?

ஆன்லைன் தளங்களில் விற்பவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. உதாரணமாக, அமேசானில் பொருளின் முதன்மைப் படத்துக்குப் பின்னணி முழு வெள்ளையாக, அதாவது மூன்று நிறங்களும் 255 என்ற அளவில் இருக்க வேண்டும். படத்தின் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும்.

நிறமற்ற கண்ணாடியை வெள்ளையில் வைத்தால் வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும். இதற்குத் தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தும் உத்தி மிக மலிவானது. பாட்டிலின் இரு பக்கமும், படத்துக்குள் வராத அளவுக்குத் தள்ளி, இரண்டு கருப்பு சார்ட் பேப்பரை நிற்க வைப்பது. கண்ணாடியின் ஓரம் பக்கவாட்டில் இருப்பதைக் காட்டும் என்பதால், பாட்டிலைச் சுற்றி மெல்லிய கருப்புக் கோடு தானாகவே விழும். பென்சிலில் வரைந்தது போல வடிவம் எடுத்துக் கொடுக்கும்.

கருப்புப் பின்னணி வேண்டும் என்றால் அப்படியே தலைகீழ். பின்னால் கருப்பு அட்டை, பக்கவாட்டில் வெள்ளைத் தெர்மாகோல், அதன் மேல் விளக்கு வெளிச்சம். இப்போது ஓரங்கள் வெள்ளிக் கோடாக மின்னும். வாசனைத் திரவிய விளம்பரங்களில் பார்க்கும் அந்த ‘ரிச்’ தோற்றம் இதுதான்.

எங்கே மாட்டிக்கொள்வோம்? ஐந்து நொடி சோதனை

படத்தைப் பதிவேற்றுவதற்கு முன் இந்த ஐந்தையும் பாருங்கள்:

• விளக்கின் திசை: பின்னணிப் படத்தில் வெயில் இடப்பக்கம் இருந்து வருகிறதா? பாட்டிலின் வெள்ளைக் கோடும் இடப்பக்கம் இருக்க வேண்டும். பாட்டிலில் எழுத்து இருந்தால், பிறகு இடம் வலமாகத் திருப்பிச் சமாளிக்க முடியாது. எனவே எடுக்கும்போதே முடிவு செய்யவும்.

• வாயின் வட்டம்: பாட்டில் வாயின் உயரத்தில் கேமரா இருந்தால் வாய் ஒரு கோடாகத் தெரியும். மேலிருந்து எடுத்தால் முட்டை வடிவம். பின்னணி மேசையை மேலிருந்து எடுத்துவிட்டு, பாட்டிலை நேராக எடுத்தால் எவ்வளவு மெருகேற்றினாலும் ஒட்டாது. இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் எடுக்கவும்.

• நிழல்: வெள்ளைச் சார்ட் மீது பாட்டிலை வைத்து, அதே திசை விளக்கில் நிழலைத் தனியாக ஒரு படம் எடுத்து, ‘மல்டிப்ளை’ மோடில் சேர்க்கவும். கருப்பு வட்டத்தை மங்கலாக்கி வைப்பது கண்ணாடிக்கு ஒத்துவராது. எண்ணெய் பாட்டிலின் மஞ்சள் கீற்று மேசையில் விழுந்தால்தான் பாட்டில் அங்கே ‘நிற்கும்’.

• கூர்மை: பின்னணி மங்கலாக இருந்து, பாட்டிலுக்குள் தெரியும் பின்னணி மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகம் வரும்.

• எழுத்து: செயற்கை நுண்ணறிவு ஆப்பில் பின்னணியை மாற்றினால் லேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில நேரம் எழுத்துகளையே அது புதிதாக வரைந்துவிடும். தமிழ் எழுத்துகளில் கூடுதல் கவனம் தேவை. எடை, காலாவதி தேதி மாறியிருந்தால் அது அழகுப் பிரச்னை மட்டும் அல்ல.

அழகு சரி... நிறத்தை மாற்றலாமா?

இங்கேதான் ஒரு கோடு இருக்கிறது. பின்னணியை மாற்றுவது, தூசியை நீக்குவது, வெளிச்சத்தைச் சரிசெய்வது எல்லாம் படத்தின் வேலை. எண்ணெயின் நிறத்தையே அடர்த்தியாக்குவது, தேனை இன்னும் பொன்னாக்குவது எல்லாம் பொருளைப் பற்றிச் சொல்லும் பொய்.

2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் தளத்தில் விற்பவரின் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுக்க 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். படத்தில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம் என்றால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை வர மாட்டார்.

கண்ணாடியில் நிறம் தானாகவே ஏமாற்றும் என்பதும் கவனிக்க வேண்டியது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் கடலை எண்ணெய் வெளிறித் தெரியும். கருப்புப் பின்னணியில் அதுவே நல்லெண்ணெய் போல அடர்ந்து தெரியும். இரண்டு படக் கணக்கில் இந்தக் குழப்பம் குறைவு. எண்ணெய் எவ்வளவு ஒளியை, எந்த நிறத்தில் விடுகிறது என்பது வெள்ளைப் படத்திலேயே பதிவாகிவிடுகிறது. எந்தப் பின்னணிக்குப் போனாலும் அந்த விகிதம் மாறாது. முடிந்த படத்தின் பக்கத்தில் நிஜ பாட்டிலை வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

மொத்தத்தில்...

டப்பாவைப் படம் எடுத்த பிறகு பின்னணியை யோசிக்கலாம். கண்ணாடிக்கு அது நடக்காது. முதலில் பின்னணி, பிறகுதான் கிளிக். எந்த இடத்தில் வைக்கப் போகிறோம், வெளிச்சம் எந்தப் பக்கம், கேமரா எந்த உயரம் என்ற மூன்றையும் ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டு, வெள்ளையில் ஒன்று, கருப்பில் ஒன்று, நிஜப் பின்னணியில் ஒன்று என மூன்று படம். செலவு இரண்டு சார்ட் பேப்பர், ஒரு டிரேசிங் பேப்பர். முதல் பாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். விளக்கையும் போனையும் நகர்த்தாமல் வைத்துவிட்டால், அடுத்தடுத்த பாட்டில்களுக்கு மூன்று கிளிக் நேரம்தான்.